பதினேழாம் நம்பர் கத்தி

காலை ஏழு ஐம்பதுக்கு பிரவீன்குமாரின் இடது கை கிளவுஸ் காணாமல் போயிற்று.

வலது கை கிளவுஸ் பெஞ்சின் மேல் அப்படியே கிடந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"எவன்டா பழனிவேல் போட்டது?"

யாரும் நிமிரவில்லை. ஒற்றைக் கிளவுஸை எவன் எடுப்பான், ஒற்றைக் கையோடு பிறந்தவனா என்று யாரோ முனகினார்கள். தகரத் தடுப்புக்குள், டைம் ஆபீஸ் என்று எழுதிய அட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மதிவாணனும் நிமிரவில்லை. இருபத்தோரு வருடமாகக் கேட்கும் சொல். தலைக்கு மேல் ஓடும் ஃபேனின் சத்தம் மாதிரி, நின்றால்தான் தெரியும்.

நெய்வேலிச் சுரங்கத்துக்குள் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் கிழிந்தால், அதை அறுத்து, ரப்பர் வைத்து, பிரஸ்ஸில் சூடேற்றி ஒட்டித் தருகிற ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனியின் ஷெட் அது. பதினோரு பேர். எல்லாரும் கான்ட்ராக்ட். மதிவாணனும்தான். டைம்கீப்பர் என்ற பெயர் மட்டும் கொஞ்சம் பெரியது. ஐம்பத்து மூன்று வயது.

பழனிவேல் என்பது அங்கே ஆளின் பெயர் அல்ல. திருட்டின் பெயர். அதிலும் எல்லாத் திருட்டுக்கும் அல்ல. செம்புக் கம்பியை வெட்டி எடுத்துப் போனால் அது திருட்டு, போலீஸ் வரும். பழனிவேல் அதற்குக் கீழே. கிளவுஸ், இன்சுலேஷன் டேப், அடுத்தவன் டிபனில் இருந்து ஒரு முட்டை, சார்ஜில் போட்ட போனின் ஒயர். கேட்டால் கொடுத்திருப்பான், ஆனால் கேட்கவில்லை, அதுதான் பழனிவேல். 'போட்டுட்டான்' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்கிற பையன்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய சாமியின் பெயர், பழத்தை எடுக்க நினைத்தவனுக்கு வந்துவிட்டது என்பான் ஒருவன். இல்லை, ஏதோ சினிமா காமெடி என்பான் இன்னொருவன். மதிவாணன் எதையும் திருத்தியதில்லை.

அன்று மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, அந்தச் சொல் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை பாதி வழுக்கை. கன்னம் உள்ளே போயிருந்தது. மதிவாணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துபோன பிறகு, பின்னாலிருந்து குரல் வந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"மதியண்ணே."

பழனிவேல். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். இதே ஷெட்டில் ஐந்து வருடம் பெல்ட் அறுத்தவன். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டு நீக்கப்பட்டவன்.

டீ வந்தது. பழனிவேல் வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். இத்தனை வருடமும் கட்டட வேலை, மூட்டை தூக்குகிற வேலை. இப்போது முதுகு போய்விட்டது. முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி கம்பெனி. பகல் நேர செக்யூரிட்டி வேலை. உட்கார நாற்காலி உண்டு. எல்லாம் சரி, ஆனால் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் முன்னால் வேலை பார்த்த ஓர் இடத்தையாவது நேரில் போய் விசாரிப்பார்களாம். கட்டட வேலைக்கு எங்கே ரெஜிஸ்டர்? அவன் வாழ்க்கையில் ரெஜிஸ்டரில் பெயர் இருந்த ஒரே இடம் இந்த ஷெட். எழுதிக் கொடுத்துவிட்டான். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆள் வருகிறார்.

"ரெஜிஸ்டர்ல மூணு லெட்டர் இருக்குதே பழனி" என்றார் மதிவாணன்.

"இருக்கட்டும்ணே. வயசுல தெரியாம பண்ணிட்டேன்னு நானே சொல்லிக்கினேன். அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லல. பழசுதானேன்னுட்டாங்க." டீயைக் கீழே வைத்தான். "நீ பொய் எதுவும் சொல்ல வேணாம். அவரு வர்ற நேரத்துல பசங்க அந்த வார்த்தைய சொல்லாம பாத்துக்க. அது போதும்."

அவனுக்குத் தெரிந்திருந்தது. மதிவாணன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, எப்போதிலிருந்து என்று கேட்டார்.

ஆறு ஏழு வருடமாகத் தெரியுமாம். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண மண்டபம். செருப்பு காணவில்லை என்று ஒரு பையன் வாசலில் நின்று சொன்னானாம், எவனோ பழனிவேல் போட்டுட்டான் என்று. பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

"நானும் சிரிச்சேன்ணே. பின்ன என்னா பண்றது. பழசுன்னா மன்னிச்சுருவாங்க. இன்னிக்கும் திருட்டுக்கே என் பேருதான்னா, எவன் என்னை கேட்டுல நிக்க வைப்பான், சொல்லு."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டு போய்விட்டான். டீக் காசைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி கடைக்காரரிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் மதிவாணன் திரும்பினார். வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி ஷெட்டுக்குள் போனார். மேஜையின் கடைசி டிராயரைத் திறந்தார்.

உள்ளே, பழைய பனியன் துணி சுற்றி, பெல்ட் அறுக்கும் கத்தி ஒன்று இருந்தது. பிடியில் நம்பர் அடித்திருந்தது. 17.

அந்தக் கத்திக்காகத்தான் பழனிவேலின் வேலை போயிற்று.

அந்தக் காலத்தில் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி ஆடிட் வரும். சாமான் ஏதாவது குறைந்தால், அது யார் கையில் போயிற்று என்று ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் எல்லாருடைய கேட் பாஸையும் வாங்கி வைத்துவிடுவார்கள். யார் எடுத்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. பாதி நேரம் யாரும் எடுத்திருக்கவும் மாட்டார்கள். சுரங்கத்துக்குள் விழுந்திருக்கும், மண் மூடியிருக்கும். அதனால் முறை வைத்து ஒருவர் பெயர் கொடுப்பார். 'நான் தவறுதலாக எடுத்துச் சென்று தொலைத்துவிட்டேன்' என்று லெட்டர். மூன்று நாள் சஸ்பென்ஷன். அந்த மூன்று நாளும் அவர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு மற்றவர்கள் பொறுப்பு. நாலாம் நாள் வந்து கார்டு அடிப்பார். அதோடு முடிந்தது. யாரும் அதைக் கேவலமாக நினைத்ததில்லை. மழை பெய்தால் ஒருவர் வெளியே போய் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதில்லையா, அதுபோல.

லெட்டர் எழுதுவது மதிவாணன். கையெழுத்து அழகாக இருக்கும்.

பழனிவேல் முதல் தடவை தன் முறைக்குக் கொடுத்தான். இரண்டாவது தடவை, மனைவிக்குப் பிரசவம் என்று கெஞ்சிய ஒருவனுக்காகக் கொடுத்தான். மூன்றாவது, பதினேழாம் நம்பர் கத்தி. அது மதிவாணனின் முறை.

ஆனால் அந்த மாதம்தான் பெர்மனென்ட் இன்டர்வியூ லிஸ்ட்டில் மதிவாணன் பெயர் வந்திருந்தது. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்தவர். மதிவாணன் குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அப்பா ரிடையர் ஆனதும் சாமான்களோடு வெளியே வந்தவர். பெர்மனென்ட் என்பது அவருக்கு வேலை அல்ல. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழி. பழனிவேலிடம் போய் நின்றார். எனக்கு எந்த லிஸ்ட்டும் இல்லியேண்ணே, எழுது என்றான் பழனிவேல்.

எழுதினார். முறை பார்த்தார்கள். ஆளுக்கு எத்தனை லெட்டர் ஆயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று லெட்டர் சேர்ந்தால் டிஸ்மிஸ் என்று கம்பெனி விதியில் இருந்தது. நாலாம் நாள் பழனிவேல் வந்து கார்டு அடிக்கப் போனபோது, கார்டு இல்லை.

ஒரு வருடம் கழித்து பழைய பிரஸ்ஸை மாற்றினார்கள். தூக்கியபோது அடியில் ரப்பர் தூளோடு கத்தி கிடந்தது. அப்போதைய சூப்பர்வைசர் பார்த்தார். ஃபைல் மூடியாச்சு மதி, உள்ள வை என்றார். உள்ளே வைத்தார். அந்த இன்டர்வியூவில் வேலையும் கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் இப்போது உயிரோடு இல்லை.

மதிவாணன் டிராயரை மூடினார். அன்று இரவு மனைவி இசக்கியம்மாள், ஏன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றார். இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள், சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எட்டு மணி. தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்வார்கள். அது முடிந்ததும் மதிவாணன், ஒரு நிமிஷம் என்றார்.

பதினோரு மணிக்கு ஓர் ஆபீசர் வருகிறார். அவர் போகிற வரைக்கும் பழனிவேல் என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

"ஏண்ணே?" என்றான் பிரவீன்குமார்.

உண்மையைச் சொல்ல அப்போதே ஒரு வாய்ப்பு இருந்தது. அசதியில் வாய்க்கு எளிதாக வந்தது வேறு. "வர்ற ஆபீசர் பேரே பழனிவேல். சங்கடமாப் போயிரும்."

பையன்கள் சிரித்தார்கள். நியாயமான காரணம். பிரவீன்குமாருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"எதுனா காணாம போனா என்னா சொல்றது?"

"திருட்டுன்னு சொல்லு."

"ஒரு கிளவுஸுக்குப் போயி திருட்டுன்னு சொல்ல ஒரு மாரியா இருக்குண்ணே. கூட வேலை செய்றவனத் திருடன்ற மாரி ஆவுது."

மதிவாணன் தடுப்புக்குள் போனார்.

எட்டு, ஒன்பது, பத்து. சொல் வரவில்லை. பத்தேகாலுக்கு ஒருவனுடைய டேப் காணவில்லை. வாயைத் திறந்தான். மூடினான். மூக்கால் சிரித்தான். அது அடுத்தவனைத் தொற்றியது. இரண்டு மணி நேரமாக அடக்கிய சிரிப்பு ஷெட்டுக்குள் பிரஷர் குக்கர் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மதிவாணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம்.

பத்து ஐம்பதுக்கே ஆள் வந்துவிட்டார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தொட்டிருப்பார். வெயிலில் வண்டி ஓட்டி வந்த களைப்பு. கையில் ஒரு ஃபைல். மதிவாணன் தடுப்பை விட்டு எழுவதற்குள் பிரவீன்குமார் பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டுவிட்டான். நல்ல பையன். மரியாதை தெரிந்தவன்.

"வாங்க பழனிவேல் சார். ஒக்காருங்க."

வந்தவர் உட்காரவில்லை.

"என் பேரு ராஜேந்திரன்" என்றார். "பழனிவேலைப் பத்தித்தான் விசாரிக்க வந்திருக்கேன். உனக்கு எப்படித் தெரியும்?"

பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அவ்வளவுதான். பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒருவன் பெல்ட் மேல் விழுந்து சிரித்தான். ராஜேந்திரன் கோபப்படவில்லை. இதைவிட மோசமான இடங்களை எல்லாம் பார்த்த முகம். எதுக்குச் சிரிக்கிறாங்க என்று மட்டும் கேட்டார்.

பிரவீன்குமார் உதவி செய்தான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இங்க சின்னச் சின்னத் திருட்டுக்குப் பழனிவேல்னுதான் சொல்லுவோம். ரொம்ப வருஷமா அப்படித்தான். உங்களைச் சொல்லல."

ராஜேந்திரன் ஃபைலைத் திறந்தார். பேனாவை எடுத்தார். மதிவாணன் நின்ற இடத்திலிருந்தே அச்சடித்த கேள்வி தெரிந்தது. நாலாவது கேள்வி: திருட்டு, கையாடல் குறித்த புகார் உண்டா? பேனா அந்தக் கட்டத்துக்கு வந்தது.

"எழுதாதீங்க சார்" என்றார் மதிவாணன்.

பேனா நின்றது.

"அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டு எழுதுங்க."

தடுப்புக்குள் போய் டிராயரைத் திறந்தார். பனியன் துணியைப் பிரித்து, கத்தியை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் பழைய ரெஜிஸ்டரை, மூன்றாவது லெட்டர் இருந்த பக்கத்தில் விரித்து வைத்தார். ராஜேந்திரன் லெட்டரில் இருந்த நம்பரைப் பார்த்தார். கத்தியின் பிடியைப் பார்த்தார். ரெண்டு தடவை பார்த்தார்.

மதிவாணன் சொன்னார். முறை வைத்துப் பெயர் கொடுத்தது, அது தன்னுடைய முறை, இன்டர்வியூ, மூன்று லெட்டர், கார்டு இல்லாத நாலாம் நாள், பிரஸ்ஸுக்கு அடியில் கிடந்த கத்தி. குரலை உயர்த்தவில்லை. வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோலச் சொன்னார். சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பையன்கள் தடுப்புக்கு வெளியே வந்து நின்றிருந்தார்கள்.

"அப்ப யாருமே எடுக்கலை" என்றார் ராஜேந்திரன்.

"யாரும் எடுக்கலை."

"எடுக்காத திருட்டுக்குப் பேரு மட்டும் எப்படி நிலைச்சுது?"

இதுதான் இருபத்தோரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. மதிவாணனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார்.

"அவன் போன மறு வாரம் யாரோ சோப்பு காணலைன்னாங்க. ஷெட்டே இழவு வீடு மாதிரி இருந்துச்சு. யாரும் யார் மூஞ்சியையும் பாக்கல. எனக்கு அது தாங்கல. பழனிவேல்தான் போயிட்டானே, இப்ப யாருப்பா பழனிவேல்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்குத்தான் எல்லாரும் பழையபடி பேச ஆரம்பிச்சோம்." நிறுத்தினார். "நான்தான் சார் ஆரம்பிச்சது."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிரவீன்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். மெதுவாக.

"பழனிவேல்னு ஆளே இருக்காராண்ணே?"

மதிவாணன் ரெஜிஸ்டரில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார்.

ராஜேந்திரன் கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். வாயால் சொன்னதை வைத்துத் தன்னால் நாலாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுத முடியாது என்றார். எழுத்தில் வேண்டும். அதன் நகல் இந்தக் கம்பெனி மேனேஜருக்கும் போகும். கம்பெனிச் சாமானை இருபது வருடம் டிராயரில் வைத்திருந்ததற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தனக்குத் தெரியாது. யோசித்துக்கொள்ளுங்கள்.

மதிவாணன் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்குத் தெம்பு இல்லை. வெள்ளைத் தாளை எடுத்தார். 'நான்' என்று ஆரம்பித்து, அந்த லெட்டரை எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார். கை தானாக ஓடியது. பெயர் வருகிற இடத்தில் மட்டும் ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. தன் முறை லெட்டரை மதிவாணன் அன்றைக்குத்தான் எழுதினார்.

மேனேஜர் முப்பது வயது ஆள். லெட்டரை இரண்டு முறை படித்துவிட்டு, இதற்கு விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை என்றார். தேடிப் பார்த்து, மூன்று நாள் சஸ்பென்ஷன் என்று முடித்தார். அதற்கப்புறம் டைம் ஆபீஸ் வேண்டாம், ஸ்டோர் வாசலில் உட்காருங்கள் என்றார். ஸ்டோர் வாசலில் ஃபேன் கிடையாது.

முதல் நாள் மதிவாணன் தூங்கினார். இரண்டாம் நாள் மத்தியானம், மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டின் கதவு தட்டப்பட்டது. பிரவீன்குமார். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

"பேரு குடுத்தவங்க வூட்டுக்கு மூணு நாளு சாப்பாடுன்னு அன்னிக்கு சொன்னீங்கல்ல. நேத்தே வந்திருக்கணும். பசங்க ஆளுக்கு ஒரு நாளுன்னு பேசி முடிக்கவே ஒரு நாளு ஆயிட்டுது."

இசக்கியம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. கேரியரை வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். பிரவீன்குமார் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். முந்தின நாள், ஒரு வேலையும் இல்லாமல், முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். முந்திரி கம்பெனி கேட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை. சட்டையில் பேட்ஜ். அதில் பேரு.

"போயி பேசினேன்ணே. பெல்ட் ஷெட்டுன்னு சொன்னேன். உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல. அந்தக் கத்தி மழுங்கிப் போச்சா, இன்னும் அறுக்குதான்னு மட்டும் கேட்டாரு."

மதிவாணன் தலையை ஆட்டினார். ஷெட்டில் எப்படி என்று கேட்டார்.

"காலையில என் டேப்பக் காணோம். வாயி வரைக்கும் வந்துடுச்சு. கூடவே அந்த ஆளு மூஞ்சியும் வந்துடுச்சு. கத்த முடியல. சும்மா நிக்கவும் முடியல. தேடினேன்." ஒரு கல்லைப் பொறுக்கித் தெருவில் போட்டான். "பிரஸ்ஸுக்கு அடியில கையவுட்டுப் பாத்தேன். டேப்பு இல்ல. போன வாரம் போன கிளவுஸ் கெடந்துச்சு."

இசக்கியம்மாள் தண்ணீரைக் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தான். ஷெட்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. தெருவில் நாலடி போனவன் திரும்பி வந்தான்.

"அண்ணே, மூணாவது தட்டுல ஒரு முட்டை கொறையும்."

மதிவாணன் நிமிர்ந்து பார்த்தார்.

"பசி. நான்தான்."

போய்விட்டான். மதிவாணன் கேரியரைப் பிரித்தார். சோறு இன்னும் சூடாக இருந்தது. மூன்றாவது தட்டில் இரண்டு முட்டை இருந்தது. ஒன்றை இசக்கியம்மாள் தட்டில் வைத்தார்.